கணக்குக் கேட்பவரிடம் சேவை மனம் இருக்காதா?

"உதவுகிற மனம் பிறவியிலேயே இருக்க வேண்டும். நியாயம், உரிமை என்று கணக்குக் கேட்பவனிடம் அது இருக்காது." மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் மேலாளர்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்களும் ஆமாம் போடுகிறார்கள். இது தவறு. அதற்குச் சுங்கை பூலோவே சாட்சி.

கோவிட் காலத்தில் சுங்கை பூலோ மருத்துவமனைதான் நாட்டின் முதன்மைக் கோவிட் மருத்துவமனை. அங்கும் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் வார்டுகளைத் தாங்கிப் பிடித்தவர்களில் பலர் இளம் ஒப்பந்த மருத்துவர்கள். ஒப்பந்த முறை தொடங்கியது 2016 டிசம்பரில். 2021 நடுப்பகுதி வரை அப்படிச் சேர்ந்த ஏறத்தாழ 23,000 பேரில் நிரந்தரப் பணி கிடைத்தவர்கள் 800 பேருக்கும் குறைவு. எந்த அடிப்படையில் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியவில்லை. நிபுணத்துவப் படிப்புக்குச் சம்பளத்தோடு விடுப்பு, உபகாரச் சம்பளம் எல்லாம் அப்போது நிரந்தர ஊழியருக்குத்தான் கிடைத்தன.

2021 ஜூலை 25 அன்று நாட்டில் 17,045 பேருக்குப் புதிதாகத் தொற்று. மறுநாள் காலை 11 மணிக்கு ஒப்பந்த மருத்துவர்கள் பல மருத்துவமனைகளில் கறுப்பு உடையில், கையில் அட்டைகளோடு வெளியே வந்து நின்றார்கள். நோயாளிகளைச் சக மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தார்கள். சிறிது நேரத்தில் வார்டுக்குத் திரும்பினார்கள். கணக்குக் கேட்டவர்களும் அவர்கள்தான், தொற்றுக்கு நடுவே மணிக்கணக்கில் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நின்றவர்களும் அவர்கள்தான். இவர்களுக்குச் சேவை மனம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? "நிரந்தரப் பணிக்கான அளவுகோலை வெளியிடுங்கள்" என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. இடம் கிடைக்காதது ஒரு வருத்தம். ஏன் கிடைக்கவில்லை என்றே தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய வருத்தம்.

"எங்கள் தாத்தா காலத்தில் வாய் திறக்காமல் உழைத்தார்கள்" என்பார்கள் அடுத்து. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். முன்னின்றது ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். அதே மூச்சில் இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். நாள் முழுக்கப் பால் வெட்டிச் சுமந்த மனிதர், தன் சைக்கிளில் தன் பாதையில் போகும்போதும் இறங்கி ஒதுங்க வேண்டும். கூலி உயர்வால் மட்டும் ஆறுகிற காயமா இது? அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, படையை இறக்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தத் தலைமுறை வாய் திறந்தது. வாய் திறந்ததற்கு விலையும் கொடுத்தது.

"எல்லாம் காசுதான், சம்பளத்தைக் கொடுத்தால் தானாக ஒத்துழைப்பார்கள்" என்பது மூன்றாவது வாதம். கூலி குறைவாக இருக்கும் இடத்தில் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காசோடு முடிவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு தொழிற்சாலைகளில் ஒரே அளவில், 15 விழுக்காடு, சம்பளத்தைக் குறைத்தார்கள். ஒன்றில் நிர்வாகம் காரணத்தை விரிவாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தது. மற்றதில் பட்டும் படாமலும் அறிவித்துவிட்டுப் போனது. பொருள் திருட்டு மிக அதிகமாக ஏறியது அந்த இரண்டாவது இடத்தில்தான்.

"தொழிலாளியிடம் கருத்துக் கேட்டால் வேலை கெடும்" என்பவர்கள் ஹார்வுட் ஆலையின் கதையைப் படிக்கட்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இரவு உடை தைக்கும் ஆலை அது. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் 1948இல் அதைப் பற்றி எழுதினார்கள். வேலை முறையை மாற்றும்போது யாரையும் கேட்காமல் மாற்றிய பிரிவில் உற்பத்தி விழுந்தது, மீளவில்லை. முதல் 40 நாளில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள். எல்லாரையும் உட்கார வைத்துப் பேசி மாற்றிய பிரிவுகள் விரைவில் மீண்டு, பழைய அளவையும் தாண்டின. அவசரச் சிகிச்சைப் பிரிவில் கூட்டம் போட்டு முடிவெடுக்கச் சொல்லவில்லை. டூட்டி அட்டவணை போடும்போது, ஷிப்டை மாற்றும்போது, ஓ.டி. பங்கிடும்போது கேட்கலாமே.

பிறவிக் குணம் என்ற வாதத்துக்கு வருகிறேன். இயல்பிலேயே உதவும் மனிதர்கள் உண்டு, மறுக்கவில்லை. புதிதாக வந்த பையனுக்கு மெஷினைச் சொல்லித் தருகிற அக்கா, அடுத்த ஷிப்டுக்காக மேசையைத் துடைத்து வைக்கிற அண்ணன் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். எந்த வேலை ஒப்பந்தத்திலும் இல்லாத வேலை அது. மேற்பார்வையாளரின் உறவுக்காரருக்கே பதவி உயர்வு போகிறது என்று தெரிந்த நாளில் அந்த அக்கா தன் வேலையை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் எந்த விதியையும் மீறவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் பொதுப்பணி) என்று அறிவித்து, வராதவர் பெயரைக் குறித்துக்கொண்டால் ஆட்கள் வருவார்கள், துடைப்பத்தையும் பிடிப்பார்கள். அந்தப் பையனுக்கு மெஷினைச் சொல்லித் தர ஆள் இருக்காது.