மீன்தானே என்று விட்டுவிடலாமா?

"லண்டனுக்குப் போனால் மீனும் சிப்ஸும் சாப்பிடு, அதில் ஹராமுக்கு இடமில்லை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறவர்களே, மீன் ஹலால்தான். பொரிக்கும் கொழுப்பு?

யோர்க்ஷயர் பக்கம் பல கடைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். அந்த மாட்டை அறுத்தது யார், எப்படி? சிப்ஸும் அதே கொழுப்பில்தான். கிழங்குதானே என்று தப்ப முடியாது. சில இடங்களில் மீனைத் தோய்க்கும் மாவைக் கரைப்பதே பியரில்!

கேட்க வெட்கமாம். இங்கே கொத்துக் கடையிலும் ஹலால் சான்றிதழ் தேடும் நாங்கள் அங்கே போய் வாய்மூடி நிற்பதா? தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகள் அங்கே தாராளம். நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார். மரக்கறி மட்டும் சாப்பிடும் வெள்ளைக்காரரும் அதைத்தானே கேட்கிறார்?

எதில் பொரிக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பிறகு உப்பும் வினாகிரியும் போட்டு, சூடு ஆறுமுன் சாப்பிடுங்கள்.