மாத்திரைப் பொட்டலம் மட்டும் போதுமா?

சீனி வருத்தம் வசதி படைத்தோரின் நோய் என்ற எண்ணம் தோட்டங்களில் இன்னும் உண்டு. மலையேறிக் கொழுந்து பறிப்பவரையும் அது விடுவதில்லை. ஆனால், கிளினிக்கில் மாத்திரைப் பொட்டலம் கிடைத்தாலே நம் மக்கள் திருப்தியடைந்து விடுகிறார்கள். அது போதாது.

சுமார் மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை வருடத்திற்கு 2 தடவையேனும் வேண்டும். கண், சிறுநீரகம், பாதங்கள் ஆகியவற்றை வருடம் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். உணர்விழந்த பாதத்திற்கு முள் கீறியதும் தெரியாது. கவனியாத சிறு புண் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

நோய் கண்டறியப்பட்டவர்களில் 80 வீதமானோரின் சீனி 2030க்குள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டுமென 2022இல் உலக சுகாதார மகாசபை இலக்கு வைத்தது. நம் நாட்டில் அரசாங்க வைத்தியம் இலவசம்தான். ஆயினும் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க நகரத்திற்குப் போனால் அன்றைய பேர் கிடைக்காது. இலவச வைத்தியத்திற்கு ஏழை கொடுக்கும் விலை ஒருநாள் சம்பளம்.

எனவே, மாதமொரு தடவை கிளினிக் தோட்டத்து டிஸ்பென்சரிக்கே வரட்டும். தமிழில் விளக்கம் சொல்லப்படட்டும். இதற்குச் சுகாதாரத் திணைக்களமும் தோட்ட நிர்வாகமும் கூடிப் பேச வேண்டும். அதுவரை நாமும் வாய்மூடி இருக்கலாகாது. "டொக்டர் ஐயா, என் காலையும் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்பதில் வெட்கமில்லை.