உங்க மரபணு ரகசியம்: தெரிஞ்சுக்கணுமா, வேண்டாமா?

கொஞ்சம் எச்சில் கொடுத்தால் போதும், உங்கள் மரபணு ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடும். ஆனா, அதில் இருக்கும் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா?

டிஎன்ஏ வடிவத்தைக் கண்டறிந்த ஜேம்ஸ் வாட்சனே ஒன்றை வேண்டாம் என்றார். 2007-ல் அவரது முழு மரபணுத் தொகுப்பு வெளியானபோது, அல்சைமர் அபாயத்தைக் காட்டும் ஏபிஓஇ பகுதி மட்டும் மறைக்கப்பட்டது.

பிஆர்சிஏ1 மரபணுவில் கோளாறு என்றால் மார்பகப் புற்றுநோய் அபாயம் அதிகம். ஆனால் தொடர் பரிசோதனை, அறுவை சிகிச்சை என வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதும், உடன்பிறந்தவர்களிடம் சொல்வதும் கடமை.

ஹன்டிங்டன் நோய் வேறு கதை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 50%. குணப்படுத்த மருந்து இல்லை. தாத்தாவுக்கு இந்த நோய், அப்பா டெஸ்ட் வேண்டாம் என்கிறார், மகன் எடுக்கிறார். மகனுக்கு பாசிட்டிவ் என்றால், அப்பா கேட்காத பதிலும் அதிலேயே வந்துவிடுகிறது.

அதற்காக மகனைத் தடுக்க முடியாது. அவர் வாழ்க்கை, அவர் முடிவு. ஆனால் அப்பாவின் மௌனத்துக்கும் மரியாதை உண்டு. அறியும் உரிமையைப் போலவே, அறியாமல் இருப்பதும் உரிமைதான்.

எனவே டெஸ்ட்டுக்கு முன் இரண்டே கேள்விகள்: முடிவு தெரிந்தால் என்ன செய்ய முடியும்? என்னோடு வேறு யாருடைய ரகசியம் வெளியே வரும்? முதலில் வீட்டில் பேசுங்க. எச்சில் குழாய் காத்திருக்கட்டும்.