"பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்"னு சொல்றவங்களுக்கு...

மக்களே, ரொம்ப நாளா மனசுல அரிச்சிக்கிட்டிருக்கிற விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். கார் பத்தின பதிவுன்னு தாண்டிப் போயிடாதீங்க, கார் இல்லாதவங்களுக்கும் இதுல சேதி இருக்கு.

திருச்சியில எந்தப் பட்டறைக்கு வேணா போங்க. பாலக்கரை, உறையூர், திருவானைக்காவல், எங்க ஸ்ரீரங்கம், எங்கயாவது. பதினஞ்சு வருஷ வண்டியை நிறுத்தி "அண்ணே, அடியில ஆயில் சொட்டுது"ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டே பதில்தான் வரும்.

ஒண்ணு: "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும். லெவல் மட்டும் அப்பப்போ பாத்துக்குங்க."

ரெண்டு: "ரியர் ஆயில் சீல் போயிடுச்சு சார். கியர்பாக்ஸ் இறக்கணும்."

முதல் ஆள் ஒண்ணும் செய்ய வேண்டாங்கறார். ரெண்டாவது ஆள் எல்லாத்தையும் செய்யணும்ங்கறார். எங்கேருந்து ஒழுகுதுன்னு குனிஞ்சு பாக்கற வேலையை மட்டும் ரெண்டு பேருமே செய்யறதில்ல. என் சண்டை அதைப் பத்தித்தான்.

முதல் பதில் எங்கேருந்து வந்ததுன்னு எனக்கு ஒரு ஊகம் உண்டு. அம்பாசிடர்லேர்ந்து வந்தது. அந்த வண்டி மோரிஸ் ஆக்ஸ்ஃபர்ட் சீரிஸ் 3 வாரிசு. ரொம்ப வருஷம் அதுக்குள்ள ஓடினது பிஎம்சி கம்பெனியோட 1489 சிசி இன்ஜின். அதுல க்ராங்க் ஷாஃப்ட்டோட பின் கோடியில இப்ப இருக்கற மாதிரி ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்ட்லயே மரை மாதிரி வெட்டி விட்டிருப்பான். இன்ஜின் சுத்தும்போது அந்த மரை ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். இன்ஜினை நிறுத்தினா மரையும் நின்னுடும், ரெண்டு சொட்டு கீழே விழும். டிசைனே அப்படி. அதனால "அம்பாசிடர் ஒழுகுது, ஆக உள்ள ஆயில் இருக்குது"ன்னு டிரைவர்கள் ஜோக் அடிச்சதுல நியாயம் உண்டு.

ஆனா அம்பாசிடர் தயாரிப்பு 2014லயே நின்னு போச்சு. மாருதி 800, ஜென், சான்ட்ரோ எல்லாத்துலயும் பின்னால ஒழுங்கான ரப்பர் சீல் இருக்கு. அந்த இன்ஜின் ஒழுகினா எங்கயோ ஏதோ ஒண்ணு கெட்டிருக்குன்னு அர்த்தம். தாத்தா காலத்து வண்டிக்குச் சொன்ன சமாதானத்தைப் பேரன் வண்டிக்கும் சொல்றது வைத்தியம் இல்லீங்க, சோம்பேறித்தனம்.

ரெண்டாவது பதிலுக்கு வருவோம். எங்க தெருவுல ஒரு மாமா. ரிட்டயர்ட். கார்புரேட்டர் காலத்து 800 வச்சிருக்கார். மாமியை மாசாமாசம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக அந்த வண்டிதான். கியர்பாக்ஸும் இன்ஜினும் சேர்ற இடத்துல சொட்டுச்சு. ஒரு பட்டறையில (பேர் வேண்டாம்) பார்த்த உடனே "ரியர் சீல்"னு தீர்ப்பு. கியர்பாக்ஸ் இறங்கிச்சு. "இறக்கினதோட இறக்கினதா" கிளட்ச் பிளேட்டும் மாறிச்சு. பென்ஷன்ல பாதி போச்சு. மூணாவது வாரம் அதே இடத்துல அதே கறை. "என்னப்பா பண்றது, வண்டிக்கும் என்னை மாதிரி வயசாயிடுத்து, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு பாக்கறேன்"னார்.

நான் ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் ராத்திரி அடியில ஒரு வெள்ளை அட்டை. சொட்டினது இன்ஜின் ஆயில்தானான்னு தெரியணும் இல்லையா? கியர் ஆயில்னா கெட்டியா, கந்தக வாடையோட இருக்கும். பிரேக் ஆயில் தண்ணி மாதிரி ஓடும். அட்டையில இருந்தது கருப்பு இன்ஜின் ஆயில்தான். காலையில டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேலயும் ஆல்டர்னேட்டர் மேலயும் பிளாஸ்டிக் கவர் கட்டிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷும் வச்சு இன்ஜினை மேலேர்ந்து கீழ வரைக்கும் கழுவி, பனியன் வேஸ்ட்டால துடைச்சுக் காய விட்டேன். அப்புறம் சந்தேகப்படற இடமெல்லாம் முகத்துக்குப் போடற டால்கம் பவுடரைத் தூவி, மேலூர் ரோடு பக்கமா ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து பானெட்டைத் திறந்தேன்.

வெள்ளைப் பவுடர்ல ஒரே ஒரு கருப்புக் கோடு. கீழே ரியர் சீல்லேர்ந்து ஆரம்பிக்கலை. மேல, டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ற இடத்துலேர்ந்து ஆரம்பிச்சது. அந்த 800ல டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டர் ஹெட்டோட கியர்பாக்ஸ் பக்கத்துக் கோடியில இருக்கும், கேம் ஷாஃப்ட் அதைச் சுத்தும். அங்க ஒரு ஓ-ரிங். சூட்டுல வருஷக்கணக்கா வெந்து பிளாஸ்டிக் வளையல் மாதிரி ஆயிருந்தது. அது கசிஞ்சு, இன்ஜின் முதுகு வழியா இறங்கி, கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல சொட்டுது. கீழேர்ந்து பாக்கறவனுக்கு ரியர் சீல் மாதிரியேதான் தெரியும். புது ஓ-ரிங் விலை ரெண்டு காப்பி, ஒரு பிளேட் பொங்கல் காசு. கழட்டும்போது அடையாளம் போட்டு வச்சு, டைமிங் மாறாம திருப்பி மாட்டினா வேலை முடிஞ்சுது. அட்டை இப்போ வெள்ளையாவே இருக்கு.

இதுல என் திறமை ஒண்ணும் இல்ல. ஆயில் கீழ்நோக்கித்தான் ஓடும், வண்டி ஓடும்போது காத்து அதைப் பின்னால தள்ளும். அதனால சொட்டற இடம் வேற, ஒழுகற இடம் வேற. ஓட்டு வீட்டுல மழைக்கு ஒழுகினா, சொட்டற இடத்துக்கு நேர் மேல இருக்கற ஓட்டையா மாத்துவோம்? உத்தரத்து வழியா எங்கேருந்து வருதுன்னுதானே பார்ப்போம்!

இதுல கொடுமை என்னன்னா, இது நடக்கறது திருச்சியில. திருவெறும்பூர் பெல் ஃபாக்டரியில பாய்லர் செய்யற ஊர் சார் இது. வெல்டிங்ல தலைமுடி அளவு விரிசலைக் கண்டுபிடிக்க சிவப்பு டையைப் பூசி, துடைச்சு, மேல வெள்ளை டெவலப்பர் அடிச்சு, எங்க சிவப்பு கசியுதுன்னு பாக்கற வேலையை வாழ்நாள் முழுக்கச் செஞ்சவங்க நம்ம பக்கத்து வீடுகள்ல இருக்காங்க. என் பவுடரும் அதே தத்துவம்தான். இன்னொரு பக்கம் பொன்மலை ஒர்க்‌ஷாப். ஊட்டி மலை ரயிலுக்கான எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினைப் பழைய டிசைன்லயே 2011லேர்ந்து புதுசா செஞ்சு கொடுத்தவங்க. அப்பேர்ப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு இருபது வருஷக் காரைப் பார்த்து "வயசாயிடுச்சு"ங்கறீங்களே, அடுக்குமா?

பவுடருக்கும் சிக்கலைன்னா இன்னொரு வழி இருக்கு. ஆயில்ல கொஞ்சம் ஃப்ளோரசன்ட் டை கலந்து ஓட்டிட்டு, இருட்டுல யுவி டார்ச் அடிச்சா, ஒழுகற இடம் பச்சை மஞ்சளா பளிச்சுன்னு மின்னும்.

எந்த சீலையும் தொடறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ப்ரீதர் ஓஸும் பிசிவி வால்வும். அது அடைச்சிருந்தா இன்ஜினுக்குள்ள அழுத்தம் ஏறி, நல்லா இருக்கற சீல் வழியாக்கூட ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். அதைச் சுத்தம் பண்ணாம எத்தனை சீல் மாத்தினாலும் அடுத்த சீல்ல ஒழுகும். அடுத்தது ஆயில் பிரஷர் சுவிட்ச், டேப்பெட் கவர் கேஸ்கெட், ஃபில்டர் ரப்பர், சம்ப் போல்ட் வாஷர். எல்லாம் சில்லறைச் சாமான். கடைசியாத்தான் கியர்பாக்ஸ்.

இன்னும் சில "வைத்தியங்கள்" இருக்கு. கெட்டி ஆயில் ஊத்தறது: ஒழுகல் மெதுவாகும், நிக்காது. பாட்டில்ல விக்கற ஸ்டாப்-லீக்: சுருங்கின ரப்பரைக் கொஞ்சம் ஊத வைக்கும், வெந்து கெட்டியான ஓ-ரிங்கை ஒண்ணும் பண்ணாது. இருக்கறதுலயே ஆபத்தானது கேஸ்கெட்டுக்கு மேல சிலிக்கானை அப்பம் மாதிரி அப்பறது. உள்பக்கம் பிதுங்கினது பிஞ்சு விழுந்து சம்ப்ல ஆயில் உறிஞ்சற சல்லடையை அடைச்சா, இன்ஜினே காலி.

மெக்கானிக் தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன், இல்லேன்னா நாளைக்கு என் வண்டியை எவரும் தொட மாட்டாங்க :-) ரெண்டு மணி நேரம் கழுவித் தேடி நாப்பது ரூபா ஓ-ரிங் மாத்திட்டு, "தேடினதுக்கு ஐந்நூறு ரூபா குடுங்க"ன்னா நாம குடுப்போமா? "நாப்பது ரூபா சாமானுக்கு ஐந்நூறா!"ன்னு ரோட்டுல நின்னு கத்துவோம். அதே ஆள் கியர்பாக்ஸை இறக்கி ஏழாயிரம் பில் போட்டா, "பெரிய வேலை"ன்னு பேசாம குடுத்துட்டு வருவோம். கண்ணுக்குத் தெரியற சாமானுக்குத்தான் காசு, மூளைக்குக் கிடையாதுன்னு நாமதான் அவங்களைப் பழக்கி வச்சிருக்கோம். டாக்டர் பார்த்ததுக்கு ஃபீஸ் குடுக்கறோமே, அதே மாதிரி கண்டுபிடிக்கறதுக்குன்னு தனிக் கூலி இருக்கட்டும். நாம அதை முகம் சுளிக்காம குடுக்கணும். பதிலுக்கு ஒழுகற இடத்தைக் கண்ணால காட்டாம ஒரு போல்ட்டையும் கழட்டக் கூடாது.

"ஒரு சொட்டு ஆயிலுக்கு ஏன்யா இவ்ளோ பெரிய பதிவு"ன்னு பின்னூட்டத்துல கும்ம வருவீங்க, தெரியும். அந்தச் சொட்டு எங்க விழுதுன்னு பாருங்க. சித்திரை வீதியில, உத்திர வீதியில, ஜனங்க செருப்பில்லாம நடக்கற இடத்துல விழுது. வாசல்ல ஆயில் கறை மேல கோலமாவு ஒட்டாம காலையில புலம்பறவங்களைக் கேளுங்க. தூறல் போட்டா, காவிரிப் பாலத்துல பைக்ல வர்றவன் அதே ஆயில்ல வழுக்கறான். சூடான சைலன்சர் மேல விழுந்தா புகை, நேரம் கெட்டா நெருப்பு.

அதோட, 15 வருஷம் தாண்டின காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025ல 10,000. பழைய காரை வச்சிருக்கறவங்க எல்லாம் பணக்கார விண்டேஜ் பார்ட்டிங்க இல்ல. புதுசு வாங்க முடியாத மாமா மாமிங்க, வாத்தியாருங்க, சின்னக் கடைக்காரங்க. சர்க்காருக்கு இவ்வளவு கட்டினப்புறம், நாப்பது ரூபா ரப்பருக்காக ஓடற வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்ப வச்சா அது பாவம் சார்.

அதனால அடுத்த தடவை பட்டறையில "சீல் போயிடுச்சு"ன்னு சொன்னா, சண்டை போட வேண்டாம். "எங்கண்ணே? கழுவிட்டுக் காட்டுங்க, அதுக்கும் சேர்த்துக் கூலி தர்றேன்"னு மட்டும் சொல்லுங்க. காட்டறவர்கிட்ட வண்டியை விடுங்க. காட்டாதவர்கிட்டேருந்து சாவியை வாங்கிட்டுக் கிளம்புங்க.

டிஸ்கி: இன்ஜின் சூடா இருக்கும்போது மண்ணெண்ணெய் பக்கமே போகாதீங்க. வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க. ஓ-ரிங் எப்ப வேணா கடையில கிடைக்கும், நீங்க கிடைக்க மாட்டீங்க.