மூன்று மாத மௌனம்

வயிற்றில் கரு தங்கியதை முதல் மூன்று மாதமும் வெளியே சொல்லாதிருப்பது எம்மவரின் நெடுநாள் வழக்கம். கண்ணூறு படும் என்பார் சிலர். நிலைத்த பின் சொன்னாற் போதுமே என்பார் வேறு சிலர். இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் ஐந்தில் ஒன்று வரை கலைந்துவிடுகின்றன என்பதும், அவற்றிற் பெரும்பாலானவை முதற் பன்னிரண்டு வாரங்களுக்குள்ளேயே கலைகின்றன என்பதும் இன்றைய மருத்துவம் கூறும் உண்மைகள். வாழ்த்த வந்த அதே ஊர் மறுமாதம் துக்கம் விசாரிக்க வரும் வேதனையிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்ற எம் பாட்டிமார் கட்டிய வேலி அது.

ஆனால், சிட்னியிலும் மெல்பேணிலும் வாழும் எம் குடும்பங்கள் பலவற்றில் இந்த வேலி அயலவரை மட்டுமன்றி வைத்தியரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. மூன்று மாதம் முடிந்த பின்பே வைத்தியரிடம் முதன்முறையாகச் செல்லும் பெண்கள் எம்மிடையே இருக்கின்றனர். ஊருக்கு மறைப்பது அவரவர் விருப்பம். வைத்தியருக்கு மறைப்பது குழந்தைக்குச் செய்யும் கேடு. அதனையே இன்று எழுத விழைகிறோம்.

கர்ப்ப வாரங்களை வைத்தியர்கள் இறுதி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஆகவே மாதவிலக்குத் தவறும் நாளிலேயே நான்கு வாரம் முடிந்துவிடுகிறது. அதன்பின் இரண்டு வாரத்துக்குள் குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகவிருக்கும் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. இதயம் துடிக்கத் தொடங்குகிறது. கை, கால், கண், காது ஆகியன அடுத்த சில வாரங்களில் வடிவம் பெறுகின்றன. நாம் வாய் திறக்கும் மூன்றாம் மாத முடிவில் அங்கங்கள் அமைந்து முடிந்து, வளர்வதே பெரும்பாலும் மிச்சமாக இருக்கும்.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்திய நிகழ்வொன்று நாம் வாழும் இதே நகரங்களில் நடந்தது. 1941ஆம் ஆண்டு சிட்னியிற் கண் வைத்தியராக இருந்த நோர்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையுடன் வரும் கைக்குழந்தைகளின் தொகை வழமைக்கு மாறாகக் கூடியிருப்பதைக் கவனித்தார். அவரது அறைக்கு வெளியே காத்திருந்த தாய்மார் இருவர், கர்ப்பத்தின் தொடக்கத்தில் தமக்கு ஜேர்மன் சின்னமுத்து வந்ததாகப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று சொல்லப்படுகிறது. அவர் விசாரித்த 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்கு அந்நோய் கண்டிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் மெல்பேணில் நடந்த கண் வைத்தியர் கூட்டத்தில் இதனை அவர் வெளியிட்டார். தாய்க்கு மூன்று நாட் காய்ச்சலும் சிறு தடிப்புமாக வந்து போகும் ருபெல்லா, கருவின் கண்ணையும் இதயத்தையும் பறித்துவிடும் என்பது அன்றுதான் தெரியவந்தது. கவனமான ஒரு வைத்தியரும், தமக்கு நேர்ந்ததை மறைக்காமற் பேசிய தாய்மாரும் சேர்ந்தே அதனைக் கண்டுபிடித்தார்கள் என்பது எம் கருத்து.

தடுப்பூசியினால் அவுஸ்திரேலியாவில் ருபெல்லா ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. எனினும் எம் பெண்களின் நிலை வேறு. இலங்கையில் ருபெல்லாத் தடுப்பூசி 1996இல்தான் தொடங்கிற்று. அப்போது வன்னியிலும் கிழக்கிலும் போர். தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்தவர்களுக்கோ, அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டது 2017இல். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தவர்களிடம் தடுப்பூசி அட்டை எங்கே இருக்கும்? ஒரு சிறு இரத்தப் பரிசோதனை விடை சொல்லிவிடும். இத்தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் ஏற்ற முடியாது. ஏற்றிய பின்னும் 28 நாட்கள் கருத்தரிக்காதிருக்க வேண்டும். ஆகவே குழந்தை வேண்டுமென எண்ணும்போதே இதனைக் கேட்டறிவது நன்று.

போலிக் அமிலத்தின் கதையும் இதைப் போன்றதே. நரம்புக் குழாய் சரியாக மூடாது போனால் முள்ளந்தண்டு பிளந்த நிலையிற் குழந்தை பிறக்கலாம். இவ்வாபத்தைப் பெரிதும் குறைப்பது போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து. இச்சத்தைத் தேடும் பயணம் தொடங்கியதே எமது மண்ணுக்கு அருகில்தான். 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேயப் பெண் வைத்தியர் லூசி வில்ஸ், அங்குள்ள நெசவாலைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் இரத்தச்சோகைக்கு உள்ளாவதை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆய்வு தொடர்ந்தது. ஈஸ்ட் சாறான மார்மைட் அப்பெண்களைக் குணப்படுத்தியது. (எம் பிள்ளைகள் பாணிற் பூசித் தின்னும் வெஜிமைட்டும் அவ்வினத்ததே.) மார்மைட்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத சத்தே பின்னர் போலிக் அமிலமென அறியப்பட்டது.

2009 செப்டெம்பரிலிருந்து அவுஸ்திரேலியாவிற் பாண் செய்யும் கோதுமை மாவிற் போலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். அடுத்த மாதத்திலிருந்து பாணுக்கு அயடீன் கலந்த உப்பும் கட்டாயமாயிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலையில் இடியப்பம், மதியம் சோறு, இரவு பிட்டு என்றிருக்கும் வீட்டிற்கு இந்த ஏற்பாடு வந்து சேர்வதில்லை. அரிசியிலும் அரிசி மாவிலும் அது கலக்கப்படுவதில்லை. பாண் தின்னும் அயல்வீட்டுப் பெண்ணுக்கு அறியாமலே கிடைப்பது, எம் பெண்ணுக்கு வில்லையாக விழுங்கினாற்றான் கிடைக்கும். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே முதல் மூன்று மாதம் முடியும்வரை நாளொன்றுக்குக் குறைந்தது 0.4 மில்லிகிராம் போலிக் அமிலமும், கர்ப்ப காலம் முழுவதும் பாலூட்டும் காலத்திலும் 150 மைக்ரோகிராம் அயடீனும் வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து உட்கொள்பவர்களுக்கும் போலிக் அமிலத்தின் அளவு இதனிலும் பன்மடங்கு தேவைப்படும். தைரொயிட் நோய் உள்ளவர்கள் அயடீனைத் தாமாகத் தொடங்கலாகாது. இவ்விரு சாராரும் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

மௌனத்துக்கு வழக்கம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது அரைவாசி உண்மைதான். மற்றப் பாதி அச்சம்.

ஊரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். குடும்ப சுகாதார மருத்துவிச்சி வீடு தேடி வருவார். யார் வீட்டில் யார் புதிதாக மணமுடித்தார், யாருக்கு நாள் தள்ளிப்போயிற்று என்பது அவரது கொப்பியில் இருக்கும். கிளினிக்குக்கு வரச் சொல்லி உரிமையோடு கண்டிப்பார். திரிபோஷாப் பொதியும் கிடைக்கும். இங்கு யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. நாமாகப் போய்ச் சொன்னாலன்றி இந்நாட்டின் சுகாதாரச் சேவைக்கு எமது கர்ப்பம் தெரியாது. சொல்லப் போனாலோ விசா என்ன, அட்டை எங்கே என்று கேட்பார்களே என்று தயங்குகிறோம்.

இடைக்கால விசாவில் ஆண்டுக்கணக்காக வாழ்பவர்களின் நிலை எமக்குத் தெரியாததன்று. விசா புதுப்பிக்கப்படத் தாமதமானால் மெடிக்கெயர் அட்டையும் காலாவதியாகிவிடுகிறது. பிரசவத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் கேட்பார்கள் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு உலாவுகிறது. ஆனால் மெடிக்கெயர் இல்லாத புகலிடக் கோரிக்கையாளருக்கு அரச வைத்தியசாலைகளிற் கர்ப்பகாலப் பராமரிப்பைக் கட்டணமின்றி வழங்குவதற்கான விதிகள் விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் உண்டு. பதிவு மேசையில் இருப்பவர் அதனை அறியாதிருக்கலாம்; அது நடப்பதுதான். அப்போது திரும்பி வந்துவிடாமல், வைத்தியசாலையின் சமூகப் பணியாளரைச் சந்திக்க வேண்டுமெனக் கேட்க வேண்டும். புகலிடக் கோரிக்கையைக் காட்டும் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது உதவும். கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்தாலும் அதனை ஒளித்து வைக்காமல் அவரிடமே கொண்டு போக வேண்டும். மெல்பேண் புட்ஸ்கிரேயில் உள்ள புகலிடக் கோரிக்கையாளர் வள நிலையமும் சிட்னி நியூட்டவுனில் உள்ள புகலிடக் கோரிக்கையாளர் நிலையமும் இவ்விடயங்களில் வழிகாட்டுகின்றன. தனியார் காப்புறுதியுடன் தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள், மகப்பேற்றுச் செலவுக்கு 12 மாதக் காத்திருப்பு உண்டா என்பதை முன்கூட்டியே பார்ப்பது அவசியம்.

இன்னோர் அச்சம் மொழிபெயர்ப்பாளர் பற்றியது. எம் சமூகம் சிறியது. வருபவர் தெரிந்தவராக இருந்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பலர் கணவரையோ மைத்துனியையோ அழைத்துச் செல்கிறார்கள். தேசிய மொழிபெயர்ப்புச் சேவையில் தொலைபேசி மூலம் வேறு மாநிலத்திலுள்ள ஒருவரைக் கேட்கலாம். பெண்தான் வேண்டும் என்று கேட்கலாம். பெயரைச் சொல்லாமலும் பேசலாம். இரகசியம் காக்க அவர் கட்டுப்பட்டவர். கணவர் துணையாக வருவது நல்லது, ஆனால் அவரை வாயாகக் கொள்வது வேறு. முன்பு கலைந்த கர்ப்பம், மனச்சோர்வு, வீட்டில் அடி உதை, போரின் போதும் தடுப்புக்காவலிலும் நேர்ந்தவை ஆகிய எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பெண்ணாற் சொல்லிவிட முடியுமா? மருத்துவிச்சி அவளுடன் தனியே பேச விரும்பினால் கணவர் அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது.

மாதவிலக்குத் தவறிப் பரிசோதனை உறுதியானதும், எப்படியும் பத்தாம் வாரத்துக்கு முன், குடும்ப வைத்தியரைக் காண வேண்டும். இரத்த வகை, இரத்தச்சோகை, ருபெல்லா எதிர்ப்புச் சக்தி, ஈரல் அழற்சி, எச்.ஐ.வி., சிபிலிஸ், சிறுநீர் ஆகியன அப்போது சோதிக்கப்படும். எச்.ஐ.வி. சோதனை எல்லாப் பெண்களுக்கும் உரியது. அதனைச் சந்தேகமாக எடுத்துக் கோபிப்பதற்கு இடமில்லை. தலசீமியா எம் பகுதிகளிலும் உள்ள பரம்பரை இரத்த நோய். மச்சான் மச்சாள் உறவில் மணமுடித்தவர்கள் அதனைக் கேளாமலே சொல்லிவிடுவது நல்லது. நீரிழிவுச் சோதனை வழமையாக 24 முதல் 28 வாரங்களுள் நடைபெறும். தென்னாசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு கூடுதலாக வருவதால், தொடக்கத்திலேயே சோதிக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். குறைபாடுகளைக் கண்டறியும் முதல் ஸ்கான் 11ஆம் வாரத்துக்கும் 14ஆம் வாரத்துக்கும் இடையில்தான் செய்யக்கூடியது. மூன்று மாதம் முடிந்து வருபவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

உணவைப் பற்றி மாமிமாரின் பட்டியல் நீளமானது. பழுத்த பப்பாளிப் பழத்தில் ஆபத்தில்லை. பால் வடியும் காயைத் தவிர்த்தாற் போதும். மாறாக, எவரும் தடுக்காத ஒன்றில்தான் கவனம் தேவை. சுறா வறை பிள்ளைப்பெற்ற வீட்டுப் பதார்த்தம். கர்ப்பத்திலும் விரும்பி உண்கிறோம். ஆனால் பெருமீன்களின் உடலிற் பாதரசம் சேர்வதால், கர்ப்பிணிகள் சுறாவை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, 150 கிராமுக்கு மேற்படாமல், அவ்விரு வாரங்களிலும் வேறு மீன் உண்ணாமலே உண்ணலாம் என்பது இந்நாட்டு உணவு அதிகாரசபையின் அறிவுரை. மெல்பேண் மீன் கடைகளில் ‘பிளேக்’ என்று பொரித்துத் தருவதும் சுறாவே. நெத்தலி, மத்தி முதலான சிறுமீன்களுக்கு இந்தத் தடை இல்லை. கடையில் வெட்டி வைத்த பழமும் சலாதும், குளிர்ந்த இறைச்சியும், மென்பாற்கட்டியும் லிஸ்டீரியாக் கிருமிக்கு இடமளிப்பவை. 2018இல் ரொக்மெலன் பழத்தின் மூலம் பரவிய இக்கிருமியால் இங்கு ஏழு பேர் இறந்தனர். ஒரு கருவும் கலைந்தது.

ஊரிலிருந்து வரும் குளிசை, சூரணம், இலேகியம் எதுவாயினும் வைத்தியருக்குக் காட்டாமல் உட்கொள்ளலாகாது. அவற்றிற் சிலவற்றில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. கடையில் வாங்கும் மருந்துக்கும் இது பொருந்தும். குமட்டலுக்கென்று கொடுக்கப்பட்ட தலிடோமைட் என்னும் மருந்து கை கால் அற்ற குழந்தைகள் பிறக்கக் காரணமானதை 1961இல் எச்சரித்தவர்களுள் சிட்னி வைத்தியர் வில்லியம் மக்பிரைட் ஒருவர். அந்தப் பிழைக்காக அவுஸ்திரேலிய அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2023 நவம்பர் 29ஆம் திகதி. அதேவேளை நீரிழிவு, வலிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் பயந்து தாமாக நிறுத்திவிடுவதும் ஆபத்தே. உடனே வைத்தியரைக் கண்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரத்தம் படுதல், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்மூட்டு வலி, மயக்கம், நீரும் தங்காத வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அது தாயின் உயிரையே பறிக்கும். கடும் வலியோ மயக்கமோ என்றால் 000. அந்நேரத்தில் அட்டையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கரு கலைந்துவிட்டால் பாரம் தூக்கினாள், பஸ்ஸில் போனாள் என்று அவளைக் குற்றம் சொல்வோரின் வாயைக் கணவர் அடைக்க வேண்டும். முதல் மாதங்களிற் கலையும் கருக்களிற் பெரும்பாலானவை தாம் உருவானபோதே நேர்ந்த பிழையினாற் கலைபவை.

ஆங்கிலம் பேசத் தயங்குபவர்கள் முதலில் அழைக்க வேண்டிய இலக்கம் 131 450. எடுத்தவரிடம் “தமிழ்” என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் காத்திருந்தால், தமிழ் பேசுபவர் இணைப்பில் வருவார். வைத்தியர் நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தையும், இறுதி மாதவிலக்கின் முதல் நாளையும் ஒரு தாளில் எழிதி அருகில் வைத்துக்கொண்டு அழைக்கவும்.