பில் குறைவு, புழுக்கம் அதிகம்

எரிசக்தி வறுமையை அளக்க நம் துறையினர் பலர் கையிலெடுப்பது 'வருமானத்தில் 10 விழுக்காடு' என்ற கணக்கை. பிரிட்டனில் பிரெண்டா போர்ட்மன் 1991இல் எழுதிய நூலிலிருந்து வந்தது அது. வீட்டைப் போதிய சூட்டில் வைத்திருக்க எவ்வளவு செலவாகும் என்றே அவர் பார்த்தார். நாமோ பில்லில் உள்ள தொகையைப் பார்க்கிறோம்.

கிள்ளானில் ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பத்தில் ஒரு பங்கு 170. மின்சாரத்துக்கு 60 வெள்ளி, 14 கிலோ கேஸ் சிலிண்டருக்கு 26 வெள்ளி 60 காசு. கணக்குப்படி அங்கே வறுமையே இல்லை! மொட்டை மாடிக்குக் கீழே, பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட்டின் அடியில், ஒரே காற்றாடியை நம்பி நான்கு பேர் படுத்திருந்தாலும் இல்லை. அந்தச் சிறிய பில்லைச் சிக்கனம் என்று பாராட்டுவது அபத்தம்.

தோட்ட லயங்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடிய காலத்தில் கரண்ட் உண்டா இல்லையா என்று கேட்டால் போதும். இன்று பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை வீடுதோறும் மீட்டர் இருக்கிறது. அதனாலேயே கோப்பை மூடிவிட்டோம்.

உதவி இல்லாமலில்லை. அரசின் வறியோர் பட்டியலான இ-காசேயில் உள்ள பரம ஏழைகளுக்கு 2019 முதல் மின்கட்டணத்தில் மாதம் 40 வெள்ளிக் கழிவு. 2025 நடுப்பகுதி வரை இருந்த 21.8 காசு விலையில் அது சுமார் 183 யூனிட். நல்ல உதவிதான், ஆனால் 150 வாட் பழைய ஐஸ்பெட்டி நாளில் பாதி நேரம் ஓடினாலே மாதம் 54 யூனிட்டை விழுங்கிவிடும். 2021, 2022 ஆண்டுகளின் 200 வெள்ளிச் சலுகை, மின்சிக்கனத்தில் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்ற புதுப் பொருள் வாங்கியவர்களுக்கு. செகண்ட்ஹேண்ட் கடைக்குப் போனவருக்கு எதுவுமில்லை. 2025 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன் சட்டமும் ஆண்டுக்கு 21,600 கிகாஜூலுக்கு மேல் செலவிடும் பெரும் பயனீட்டாளர்களையே தணிக்கைக்கு அழைக்கிறது. நமக்கு வேலை தரும் சட்டம் என்பதால் அதை நாம் யாரும் குறை சொல்வதில்லை.

வீட்டுத் தணிக்கைக்குப் போகும் அன்பர்கள் படிவத்தில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும்: இரவில் படுக்கையறை வெப்பம், ஐஸ்பெட்டியின் வயது, மீட்டர் யார் பெயரில் என்பது. வாடகைக் குடும்பங்களில் கழிவு யார் கைக்குப் போகிறது என்பதை மூன்றாவது வரிதான் காட்டும். விவரங்களை அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.