ஒரே பெயரில் அடங்காத ரென்கள்

அமெரிக்க வெப்பமண்டலப் புதர்க்காடுகளில் வாழும் 25-க்கும் மேற்பட்ட ரென் பறவை இனங்கள் வெகுகாலம் த்ரையோதோரஸ் என்ற ஒரே பேரினமாகக் கருதப்பட்டன. அதை நான்காகப் பிரித்தது வீண்வேலை என்போர் தோற்ற ஒற்றுமை, மரபணுச் சான்றின் போதாமை, பெயர்க் குழப்பம் என்று மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். மூன்றும் சான்றுகளின் முன் நிற்கவில்லை.

பழுப்பு முதுகு, வெளிர் புருவக்கோடு, வரிவிழுந்த வால் ஆகியவை இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொது என்பது மெய்தான். ஆனால் த்ரையோமேனஸ் என்ற வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுள்ள பெவிக் ரென்னுக்கும் அதே அடையாளங்கள் உண்டு. பழைய மூதாதையிடமிருந்து எஞ்சிய சாயலும், ஒரேவகைப் புதர் வாழ்க்கை உருவாக்கும் சாயலும் நெருங்கிய உறவுக்குச் சான்றாகிவிடாது.

மரபணுச் சான்று ஒருபக்கமானது என்ற வாதமும் பொருந்தாது. கீத் பார்க்கர் 2004-இலும், நைஜல் மான் குழுவினர் 2006-இலும் வெளியிட்ட ஆய்வுகள் தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவோடு, இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவையும் பயன்படுத்தின. அதே த்ரையோதோரஸில் வைக்கப்பட்டிருந்த, வட அமெரிக்காவின் கிழக்கில் வாழும் கரோலினா ரென்னுக்கு மிக நெருங்கிய உறவு பெவிக் ரென்தான். வெப்பமண்டல 'உடன்பிறப்புகள்' அல்ல. அப்படியானால் பெவிக் ரென்னையும் உள்ளே சேர்த்துப் பேரினத்தைப் பெரிதாக்கலாமே என்று கேட்கலாம். அது ஒன்றோடு நிற்காது. இந்த நான்கு கிளைகளுக்கும் இடையே வேறு ரென் பேரினங்களும் கிளைத்திருப்பதால் அவற்றையும் சேர்த்தாக வேண்டும்; அப்போது பேரினம் என்ற பிரிவே பயனற்றுப் போகும்.

பெயர்க் குழப்பம் என்பது மிகைப்படுத்தல். த்ரையோதோரஸின் மாதிரி இனம் கரோலினா ரென் என்பதால், பெயரிடல் விதிப்படி அந்தப் பெயர் அதனோடுதான் போகும். மற்றக் கிளைகளுக்குத் தரப்பட்ட ஃபியூகோபீடியஸ் 1851-லும் த்ரையோஃபிலஸ் 1864-லும் சூட்டப்பட்ட பெயர்கள். புதிதாக உருவானது கான்டார்கிலஸ் ஒன்றே. ஆக, 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் கண்டுகொண்ட வேறுபாட்டைத்தான் மரபணு உறுதிப்படுத்தியது.

இதன் பயன் ஏட்டோடு முடிவதில்லை. கொலம்பியாவின் காவ்கா பள்ளத்தாக்கு வறண்ட காட்டிலிருந்து 2012-இல் விவரிக்கப்பட்ட அந்தியோக்கியா ரென்னை எந்த இனங்களோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும் என்பதை த்ரையோஃபிலஸ் என்ற சிறிய, உறவால் கட்டிய பேரினம் தெளிவாகக் காட்டியது. பாட்டும் வாழிடமும் எப்படி மாறிவந்தன என்று ஆராய்வோருக்கு உண்மையான உறவுமுறையே அடித்தளம். பழகிய பெயர் என்ற வசதிக்காக அந்த அடித்தளத்தை விட்டுக்கொடுக்க முடியாது.